கோடு போடாத இடம்

ஹினெக் கொலாரிக் எழுதிய பிரதியில் பிழை கண்டுபிடிப்பவருக்கு ஒரு ஜாடி பியர் என்று எங்கள் வாத்தியக் குழுவில் ஒரு பந்தயம் இருந்தது. பதினேழு வருஷம் அந்தப் பியரை யாரும் குடிக்கவில்லை. கொம்பு வாசிக்கும் தடியர்கள் இரண்டு பேர், பியருக்காக எதையும் செய்யக்கூடியவர்கள், பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துத் தோற்றுப்போனார்கள். பிறகு ஒருநாள் பிழை வந்தது. ஒன்றல்ல, ஐந்து. அன்றைக்குப் பியரைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் ஒன்று அவரைக் கோமாளியாக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் புனிதராக்கி மாலை போட்டுவிடுவார்கள். அவர் இரண்டும் இல்லை. பிர்னோ நகரத்து ரயில்வே அலுவலகத்தில் காலையில் குமாஸ்தா. மதியத்துக்கு மேல் எங்கள் நாடக அரங்கின் வாத்தியக் குழுவுக்கு இசைப் பிரதி எடுப்பவர். இசையை எழுதுகிறவர் எல்லா வாத்தியங்களையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதித் தருவார். அதிலிருந்து வயலினுக்கு வயலின், முரசுக்கு முரசு என்று ஒவ்வொருவர் பங்கையும் பிரித்து, எங்கள் முன்னால் வைக்கும் தாளில் நல்ல கையெழுத்தில் எழுத வேண்டும். அதுதான் அவர் வேலை.

நான் அபொலெனா. ஹார்ப் என்கிற ஆளுயர யாழ் வாசிப்பவள். கல்யாணம் ஆகவில்லை. அவ்வளவு பெரிய வாத்தியத்தையும் ஒரு புருஷனையும் ஒரே அறையில் வைக்க இடம் பற்றாது என்று கேட்பவர்களிடம் சொல்லிவைப்பேன். ஹார்ப்காரியின் உண்மையான தொழில் வாசிப்பது இல்லை, எண்ணுவது. ஐம்பது பேர் வாசித்துக்கொண்டிருக்கும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு எண்பது தாளக் கட்டம் எண்ணுவேன். பிறகு நான்கு ஸ்வரம் மீட்டுவேன். பிறகு மறுபடியும் எண்ணிக்கை. எண்ணிக்கை தவறினால் மானம் போய்விடும். அதற்காக, என் மௌனம் முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் புல்லாங்குழல் என்ன வாசிக்கும் என்பதைப் பொடி எழுத்தில் என் பிரதியில் எழுதிவைப்பார் ஹினெக். மற்ற பிரதிக்காரர்கள் அதற்கெல்லாம் மெனக்கெடமாட்டார்கள். பதினேழு வருஷம் என் மானத்தைக் காப்பாற்றியவர் அவர்.

அவர்கள் வீட்டுக் கதவுக்கு அடுத்த கதவு என்னுடையது. முற்றத்தைச் சுற்றி ஓடும் ஒரே மாடி வராந்தா. ஒரு வீட்டில் வெங்காயம் வதக்கினால் நான்கு வீட்டில் பசிக்கும். அவர் மனைவி ஹெட்விகா என் தோழி. மலைப்பக்கத்து ஊர்க்காரி, வாயாடி, பாதிரியாரையே மடக்கிவிடுவாள். ஒரு ஜனவரியில் சந்தைச் சதுக்கத்தில் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மருத்துவர்கள் சேர்த்துவைத்தது சேரவில்லை. அதன்பிறகு அவள் எழுந்து நடக்கவே இல்லை. சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் அவள் கட்டில். அடுத்த அறையில் அவர் மேஜை. நடுவில் கதவு, எப்போதும் திறந்தே இருக்கும். மேஜையிலிருந்து கட்டிலுக்கு ஏழு தப்படி. எண்ணுகிற புத்தி என்னை விடாது, எண்ணியிருக்கிறேன்.

அங்கிருந்து அவள் கூப்பிடுவாள்.

"ஹினெக், வர்றியா?"

பெயரில் குரல் இரண்டு படி கீழே இறங்கும். 'வர்றியா'வில் மூன்று படி ஏறும். கடைசி எழுத்து ஏறின இடத்திலேயே நிற்கும், இறங்காது. தினமும் என் சுவர் வழியாக எனக்குக் கேட்கும்.

"இந்த வரி முடியட்டும்," என்பார் அவர்.

வரிக்குப் பின்னால் இன்னொரு வரி இருந்தது. அதற்குப் பின்னால் பக்கம் இருந்தது. நான் ஒருதலையாகப் பேசக் கூடாது. அவர் அவளை ஒரு குறையுமில்லாமல் பார்த்துக்கொண்டார். விடியற்காலையில் எழுந்து காபி போட்டு, அவள் தலையை வாரிப் பின்னி, ரொட்டியில் பிளம் பழப் பாகு தடவி ஊட்டிவிட்டுத்தான் ஆபீஸ் போவார். மருந்து தவறியதே இல்லை. அவள் கூப்பிட்டது தண்ணீருக்கோ மருந்துக்கோ அல்ல. நாற்காலியை விட்டு எழுந்து வந்து கட்டில் ஓரத்தில் சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சும்மா உட்காருவது மட்டும் அவருக்கு வராது.

"இந்த மனுஷனை நாற்காலியோட சேத்து ஆணி அடிச்சிருக்குடி," என்பாள் ஹெட்விகா என்னிடம். "நான் செத்துட்டேன்னு நீ போய்ச் சொன்னாலும், 'இந்த வரி முடியட்டும்'னுதான் சொல்லும்."

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அவளும் சிரித்தாள்.

ஆர்கன் இசைப் பள்ளியில் முதல் மாணவராகத் தேறியவர் ஹினெக். தானே இசை எழுத வேண்டும் என்று ஆசை இருந்தது. எழுதியும் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது, யாருக்கும் ஞாபகத்தில் நிற்கவில்லை. அதனால், பிறர் எழுதியதைப் பிழையில்லாமல் எழுதுபவன் என்ற பெயரையாவது எடுப்பது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அந்தப் பெயருக்காகத்தான் அப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உழைத்தார். அந்த நாற்காலியின் ஆணி அதுதான் என்பது என் கருத்து.

இதில் மாஸ்டர் ஹலாமா வந்து சேர்ந்தார். அறுபதை நெருங்கியவர், வெள்ளைத் தலை, முன்கோபி. எங்கள் குழுவுக்கு அவர் எழுதித் தரும் இசை என்றால் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வரும். ஸ்வரம் எழுதுவதற்கென்று ஐந்தைந்து கோடாக அச்சடித்து விற்கும் தாளில் அவர் எழுதமாட்டார். வெற்றுத் தாளை எடுத்து, எங்கே ஸ்வரம் வேண்டுமோ அங்கே மட்டும், ஒரே இழுப்பில் ஐந்து கோடு விழும் பேனாவால் கோணல்மாணலாகக் கோடு இழுத்துக்கொள்வார். வாத்தியம் பேசாத இடத்தில் கோடே இருக்காது, வெறும் தாள்தான். காலிக் கோடு கண் முன்னால் இருந்தால் எதையாவது எழுதி நிரப்பத் தோன்றுமாம், அதனால் அப்படியாம்.

எழுதும் முறையும் அப்படித்தான். ஹினெக் என்னிடம் தாளைக் காட்டிப் புலம்புவார்.

"இங்க பாருங்க அபொலெனா. குட்டிப் புல்லாங்குழல் உச்சாணியில உக்காந்திருக்கு. டியூபா பாதாளத்துல. நடுவுல ஒரு ஆளில்ல. மொட்டை மாடி இருக்கு, நிலவறை இருக்கு, வீட்டைக் காணோம்."

"மழை பெஞ்சா எங்க நிப்பாரு?" என்றேன்.

"சிரிக்காதீங்க. இதைப் பாருங்க. அஞ்சு ஸ்வரத்துல ஒரு துண்டு. அதையே எட்டு தடவை திருப்பித் திருப்பி. மேல அது மாறல, கீழ இருக்கறது மட்டும் மாறுது. அப்புறம் சொல்லாம கொள்ளாம வேற துண்டு, வேற வேகம். ரெண்டுக்கும் நடுவுல பாலம் கிடையாது. எங்க பள்ளிக்கூடத்துல இப்படி எழுதியிருந்தா காதைத் திருகி வெளிய நிறுத்தியிருப்பாங்க."

"சரி, அந்தத் துண்டெல்லாம் அவருக்கு எங்கேருந்து கிடைக்குது?"

"சந்தையிலேருந்து," என்றார் வெறுப்பாக.

அது உண்மை. ஹலாமாவின் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு எப்போதும் இருக்கும். முட்டைக்கோஸ் சந்தையில் கிழவி ஒருத்தி விலை சொன்னால், டிராம் நடத்துநர் "ஏறுங்க, ஏறுங்க" என்றால், குழந்தை ஏங்கி அழுதால், நின்று அந்தக் குரல் ஏறி இறங்குகிற விதத்தை ஸ்வரமாகக் குறித்துக்கொள்வார். மனுஷன் மனதில் இருப்பது அவன் சொல்லில் இல்லை, சொல்லின் ராகத்தில் இருக்கிறது என்பது அவர் கட்சி. ஊரே கேலி செய்தது. எங்கள் ஊரில் கோயில் மணி பதினொன்றுக்கே நடுப்பகல் அடித்துவிடும். அதை யாரும் கேலி செய்வதில்லை, இவரைத்தான் செய்வார்கள்.

ஆனால் ஹினெக்குக்கு அவரிடம் ஒரு பெருமையும் உண்டு, ஒரு பயமும் உண்டு. ஒருதடவை கொம்புப் பகுதியில் ஹலாமா ஒரு குறியை விட்டுவிட்டார். ஹினெக் கண்டுபிடித்துத் தானே திருத்திவிட்டார். 'உங்கள் கண் என் கண்ணைவிட நல்லது' என்று ஹலாமா அட்டை எழுதி அனுப்பினார். அதை ஹினெக் சட்டம் போட்டுத் தன் மேஜைக்கு மேலே மாட்டினார். அடுத்த தடவை உற்சாகத்தில் பத்தொன்பது சந்தேகங்களைப் பட்டியல் போட்டு அனுப்பினார். பட்டியலின் குறுக்கே 'இருப்பதை எழுதுங்கள்' என்று ஒரே வரி எழுதித் திரும்பி வந்தது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதன்பிறகு அவர் ஹலாமாவிடம் எதையும் கேட்பதில்லை.

1921-ஆம் வருஷ அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து பிளம் பழம் வைத்த அப்பம் சுட்டு, சூடாக ஒரு தட்டு எடுத்துக்கொண்டு ஹெட்விகாவைப் பார்க்கப் போனேன். உள் அறையில் ஹலாமா உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒரு பாட்டுத் தொகுதியின் பிரதியை வாங்க நேரிலேயே வந்துவிட்டாராம். கடைசிப் பக்கத்தில் ஹினெக் குனிந்திருந்தார்.

"ஹினெக், வர்றியா?"

பதில் இல்லை. மாஸ்டர் பக்கத்தில் இருக்கும்போது 'இந்த வரி முடியட்டும்' என்று சொல்லக்கூட அவருக்குக் கூச்சம். பேனா மட்டும் ஓடியது.

"ஹினெக், வர்றியா?"

நான் அப்பத் தட்டோடு கதவருகில் நின்றேன். ஹலாமாவின் கை சட்டைப்பைக்குப் போனதைப் பார்த்தேன். நோட்டை முழங்கால்மேல் வைத்து எழுதினார். அவள் மூன்றாவது தடவை கூப்பிட்டாள். நான்காவது தடவை. ஒவ்வொரு தடவையும் முதல் இரண்டு ஸ்வரம் கொஞ்சம் தளர்ந்தது, கடைசி ஸ்வரம் மட்டும் அதே உயரத்தில் நின்றது. ஹலாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார். ஐந்தாவது தடவை கூப்பிட்டுவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள்.

அவர் போன பிறகு ஹெட்விகாவிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே குஷி.

"என்னையா எழுதிக்கிட்டாரு? அடிப்பாவி, முன்னாடியே சொல்லக் கூடாதா? தொண்டையைச் செருமிட்டுக் கூப்பிட்டிருப்பேனே!"

ஹினெக் காதில் அது விழவே இல்லை. அடுத்த பிரதிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. எனக்கு அது முதலில் உறைக்கவில்லை. வராந்தாவில் ஒருநாள் அவரைப் பார்த்தபோது, ஹெட்விகா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"இப்பல்லாம் ரொம்ப அமைதியா இருக்கா," என்றார் சந்தோஷமாக. "தொந்தரவே இல்ல. வேலை நல்லா ஓடுது."

நல்லது என்றேன். அந்த வாயை என்ன செய்தால் தகும்! அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள் என்பது எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரிந்ததா, புரிந்தும் என் அப்பத்தையும் என் ஒத்திகையையும் பார்த்துக்கொண்டு போனேனா என்று இன்றைக்கும் என்னால் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியவில்லை. மார்ச்சில் சளி நெஞ்சுக்குள் இறங்கி மூன்றே நாளில் போய்விட்டாள். மதியம் மூன்று மணி. அவர் அடுத்த அறையில் ஒரு கேளிக்கை நாடகத்தின் முரசுப் பிரதியை எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தை முடித்துவிட்டு, டீயோடு போய்ப் பார்த்திருக்கிறார்.

"கூப்பிடவே இல்லையே, அபொலெனா," என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். "கூப்பிட்டிருந்தா போயிருப்பேனே."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஹலாமாவின் புது வேலை வந்தது. முழு வாத்தியக் குழுவுக்கும் நான்கு பகுதிகள். மூன்றாவது பகுதி மெதுவானது. கட்டுக்கட்டாக வெற்றுத் தாள், அங்கங்கே தீவு மாதிரி ஐந்து ஐந்து கோடுகள். ஹினெக் அதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் படிக்கட்டில் என்னைப் பார்த்தார்.

"இந்தத் தடவையாவது எனக்கு ஏதாவது உண்டா?" என்றேன். "இல்ல, பின்னல் ஊசியைக் கொண்டுவரட்டுமா?"

"மூணாவது பகுதியில உங்களுக்கு ஒண்ணுமே இல்ல," என்றார். "நூத்திப் பத்து கட்டம் மௌனம்."

"நூத்திப் பத்தா! மாஸ்டர்கிட்ட சொல்லுங்க, நான் தூங்கிக் குறட்டை விட்டா அதையும் நோட்டுல எழுதிக்கட்டும்."

அவர் சிரித்தார். ஹெட்விகா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "பார்ப்போம்," என்றார்.

ஜனவரியில் ஒத்திகை. மூன்றாம் பகுதியின் பிரதியைப் பிரித்தால், எனக்கு வாசிக்க இருந்தது! ஐந்து இடத்தில், ஒவ்வொரு கட்டம். அழகான, வட்டமான சின்ன இசை வாக்கியம், இரண்டு கொம்புகளோடு சேர்ந்து. ஹினெக் எனக்காக மாஸ்டரிடம் பேசியிருக்கிறார் என்று நினைத்து உச்சி குளிர்ந்துபோனேன். மண்டபத்தின் பின்வரிசையில் ஹலாமா மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஒத்திகையில் பிரதியில் ஏதாவது திருத்தம் வந்தால் உடனே செய்ய, ஹினெக் வழக்கம்போல ஓரத்தில் மைப்புட்டியோடு நின்றார்.

வயலினைவிடக் கொஞ்சம் தாழ்ந்த குரலுள்ள வயோலாக்கள் தொடங்கின. இரண்டு ஸ்வரம் இறங்கி, மூன்று ஸ்வரம் ஏறி, கடைசி ஸ்வரம் ஏறின இடத்திலேயே நின்றது.

 என் சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல் அது. பிளம் அப்பம் வாசனையே மூக்கில் ஏறியது. ஆனால் என் முன்னால் தாள் இருந்தது, தாளில் எனக்கு ஸ்வரம் இருந்தது, எண்ணுகிற புத்தி எண்ணிக்கொண்டே இருந்தது. வாசித்துவிட்டேன். கொம்புகளோடு சேர்ந்து, இதமாக, 'இதோ வந்துவிட்டேன், கண்ணே' என்பது மாதிரி ஒரு பதில். மறுபடி வயோலாக்கள் அதே கேள்வி. அடியில் செல்லோக்கள் மட்டும் மாறியிருந்தன. மறுபடி எங்கள் பதில்.

"நிறுத்துங்க!"

நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஹலாமா வந்தார். முகம் தீயாக இருந்தது.

"யார் எழுதினது இதை? அங்க ஒண்ணும் இல்ல! ஒண்ணும் இல்லாத இடத்துல யார் இந்தச் சக்கரைப் பாகை ஊத்தினது?"

ஹினெக் முன்னால் வந்தார். படித்தவர் மாதிரி நிமிர்ந்து நின்றார். "மாஸ்டர், அந்த அஞ்சு இடத்துலயும் நீங்க கோடு போட மறந்துட்டீங்க. கேள்வி இருக்கு, பதில் இல்ல. கேள்விக்குப் பதில் வரணும்கறது பாலபாடம். அவசரத்துல விட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."

"கோடு போடலன்னா, கோடு போடலன்னு அர்த்தம்!"

"யாருமே வாசிக்காம ஒரு முழுக் கட்டம் எப்படி மாஸ்டர்? அஞ்சு தடவை எப்படி?"

ஹலாமா பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். முனை மடிந்த நோட்டு. பக்கத்தைத் தேடிப் பிடித்து அவர் கண்ணுக்கு நேராக நீட்டினார். "இப்படித்தான். படிங்க. கடிகாரத்தைப் பாத்து எழுதினது."

ஹினெக் படித்தார். நான் ஹார்ப்பை விட்டு எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். தேதி. 'கொலாரிக் வீட்டுச் சமையலறை. மனைவி கூப்பிடுகிறாள்.' அதன்கீழ் ஐந்து ஸ்வரம், கீழே பொடி எழுத்தில் 'ஹினெக், வர்றியா.' அதன்கீழ், 'ஐந்து தடவை. பதில் இல்லை.'

ஹலாமாவுக்கு அப்போதுதான் தான் யாரிடம் அதை நீட்டியிருக்கிறோம் என்பது உறைத்திருக்க வேண்டும். கோபம் வடிந்து முகம் கிழடாகிவிட்டது. "அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

ஹினெக் நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தார். "சாயங்காலத்துக்குள்ள சுரண்டிக் கொடுத்துடறேன், மாஸ்டர்," என்றார்.

கொம்புப் பிரதிகள் இரண்டு, ஹார்ப் பிரதி ஒன்று, குழுவை நடத்துபவரின் முழுப்பிரதி ஒன்று. மையைச் சுரண்ட ஒரு சின்னக் கத்தி உண்டு. தாள் கிழியாமல் மையை மட்டும் இழை இழையாக எடுத்து, பிறகு நகத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அவர் வீட்டு மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விழுந்த தூளை நான் ஊதித் தள்ளினேன். சமையலறைக் கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலை அவர் எடுக்கவில்லை.

"நாப்பது தடவை எழுதியிருப்பேன்," என்றார் தலை நிமிராமல். "வயோலாவுக்கு, வயலினுக்கு, ஓபோவுக்கு. அதே அஞ்சு ஸ்வரம். வாலைச் சுழிச்சு அழகா எழுதினேன். அவ குரல்னு எனக்குத் தெரியல, அபொலெனா. எழுத்து நல்லா வருதான்னுதான் பாத்தேன்."

பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே. "எனக்குத் தெரிஞ்சுது," என்றேன்.

"எப்போ?"

"வயோலா வாசிச்ச உடனே."

கத்தி நின்றது. "தெரிஞ்சும் வாசிச்சீங்களா?"

"நீங்க எழுதியிருந்தீங்க, நான் வாசிச்சேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. "ஆமாம்," என்றார். "நாம ரெண்டு பேரும் அப்படித்தான்." பிறகு, "நல்ல பதில்தான் எழுதியிருந்தேன், இல்ல?"

"ரொம்ப நல்ல பதில்," என்றேன். பொய்யில்லை. அவர் வாழ்நாளில் எழுதிய இசையில் எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு கட்டம்தான்.

ஐந்து இடத்தையும் சுரண்டினார். என் பிரதியில் ஐந்தாவது இடத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது. மௌனக் குறியை மட்டும் அதன்மேல் மெதுவாக எழுதினார்.

கச்சேரி பிப்ரவரி மாதக் கடைசியில். ஹினெக் கச்சேரிக்கு வருகிற வழக்கமே இல்லை. எல்லாவற்றையும் தாளிலேயே கேட்டாயிற்று என்பார். அன்றைக்கு வந்தார். மேல்மாடத்தில், மேடைக்குப் பக்கவாட்டில், கம்பியோரமாக முதல் நாற்காலி. நூற்றுப் பத்து கட்டம் எனக்கு வேலை இல்லை, அவரைப் பார்த்துக்கொண்டே எண்ணலாம். முழங்கால்மேல் தொப்பியை வைத்திருந்தார்.

முதல் அழைப்பு. பிறகு மௌனம். ஒரு முழுக் கட்டம் ஐம்பது பேரும் அவரவர் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தோம். மண்டபத்தில் யாரோ இருமினார்கள். என் விரல்கள் மடியில்தான் இருந்தன. அவற்றை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது அழைப்பு. மேல்மாடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அந்த மௌனத்தில் மண்டபம் முழுக்கக் கேட்டது. பார்த்தேன். ஹினெக் எழுந்து நின்றிருந்தார்.

பின்வரிசை அம்மாள் ஒருத்தி அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க ஐயா, மறைக்குது!" என்ற கிசுகிசுப்பு மேடைவரை வந்தது. அவர் உட்காரவில்லை. மூன்றாவது அழைப்புக்கும் நின்றார். நான்காவதுக்கும் நின்றார். தொப்பி கீழே விழுந்ததை எடுக்கவில்லை. ஐந்தாவது அழைப்பில் வயோலாக்களின் குரல் தளர்ந்து, கடைசி ஸ்வரம் மட்டும் அதே உயரத்தில் நின்றது. பிறகு வெறும் மண்டபம். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஹலாமா பாலம் கட்டுகிறவர் இல்லையே. அடுத்த நொடி ஊதுகுழல்கள் நான்காம் பகுதியைத் தடதடவென்று தொடங்கிவிட்டன. எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். அவர் அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார்.

அதன்பிறகு ஆறு வருஷம் இருந்தார். பிரதி எடுப்பதையும் விடவில்லை. கட்டிலையும் எடுக்கவில்லை. பிழைப் பந்தயத்தைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. அவர் போன பிறகு வேறொருவர் எழுத வந்தார். அவர் பிரதிகளில் பிழை நிறைய. கொம்புக்காரர்கள் பியர் குடித்து வயிறு பெருத்தார்கள்.

அன்று கச்சேரி முடிந்து நானும் அவரும் டிராமுக்குக் காத்திருக்காமல் நடந்தோம். சந்தைச் சதுக்கத்தின் சரிவில் பனி உறைந்திருந்தது. ஹெட்விகா விழுந்த இடத்துக்கு அருகில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எழுந்து நின்றீர்களே, அதுவே பெரிது என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"எழுந்துட்டேன், அபொலெனா," என்று அவரே சொன்னார். "எழுந்தப்புறம் எந்தப் பக்கம் நடக்கறதுன்னு தெரியல."